இருவர் உழைக்கும் வீட்டை எப்படி ரசிப்பது

கலைஞர் தம்பதியரின் குடியிருப்புகள் இதழ்களுக்கு என்றைக்கும் பிடித்த விஷயம். நீளமான மர மேசை, அதன்மேல் தாழத் தொங்கும் விளக்கு, சுவரோரம் சாய்த்த கான்வாஸ்கள், ஜன்னலில் ஒரு மணிப்ளான்ட். கண்ணுக்கு இதமான படங்கள்தாம். குறை என்னவென்றால், அவற்றில் வேலை நடப்பதே தெரியாது. சிதறிக் கிடந்ததை எல்லாம் அள்ளி உள்ளே வைத்த பிறகு எடுத்த படங்கள் அவை. அவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் ஏற்காட்டில் விற்பனைக்கு வரும் வில்லாக்களையும் குடியிருப்புகளையும் பார்க்கிறோம்: பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனி உண்டா, லேப்டாப் வைக்க ஒரு மூலை உண்டா, அவ்வளவு போதும் என்று நினைத்துவிடுகிறோம். வாழவும் உழைக்கவும் ஒரே கூரையை நம்பியிருக்கும் இருவரின் வீட்டை ரசிக்க வேறு பார்வை வேண்டும். அவர்கள் கையாளும் பொருளுக்கு அந்த வீடு என்ன செய்கிறது, பாதியில் நிற்கும் வேலைக்கு எங்கே இடம் தருகிறது, இருவரில் யாருக்கு எவ்வளவு வெளிச்சம் கொடுத்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் எந்த வீட்டின் அழகும் பிடிபட்டுவிடும். இதைக் கற்றுக்கொள்ளத் தொலைதூர நகரங்களுக்குப் போக வேண்டியதில்லை. சேர்வராயன் மலையின் உச்சியும் அடிவாரமும் சேர்ந்தே அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும்.

மேலிருந்து தொடங்குவோம். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 மில்லிமீட்டர் மழை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதன்பின் இந்த மலையில் எழுந்த வீடுகள் பலவற்றின் அமைப்பைக் காப்பிக்கொட்டைதான் தீர்மானித்தது என்று சொல்வது மிகையாகாது. பழத்தைப் பறித்த அன்றே பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்க வேண்டும். தொட்டியில் ஊறவைத்துக் கொழகொழப்பு போகக் கழுவ வேண்டும். கழுவியெடுத்த கொட்டையில் பாதிக்குப் பாதி ஈரம் இருக்கும். அதைக் களத்தில் பரப்பிக் கிளறிக் கிளறி, ஈரம் 10, 11 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைக்க ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். அறுவடைக் காலமோ வடகிழக்குப் பருவமழையின் வாலும் மார்கழிப் பனியும் சேரும் மாதங்கள். மதியம் இரண்டு மணிக்கு வெயில் அடிக்கும், மூன்று மணிக்கு மேகம் இறங்கிக் களத்தை மூடும். அந்த நேரத்தில் தார்ப்பாயை இழுத்து மூட ஆள் இல்லையென்றால் பூஞ்சை பிடித்து ஒரு வருட உழைப்பு கெட்டுப்போகும்.

ஆகவே மலையில் ஒரு சிறு விவசாயியின் வீட்டைப் பார்க்கும்போது முகப்பை விட்டுவிட்டு, களத்துக்கும் அடுப்புக்கும் நடுவே எத்தனை அடி என்று பாருங்கள். சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களான மலையாளிகள் பலர் இன்று காப்பியும் மிளகும் பயிரிடும் சிறு விவசாயிகள். கணவன் தோட்டத்திலும் மனைவி வீட்டிலும் இருக்கும் நேரத்தில், அல்லது அது மாறியிருக்கும் நேரத்தில், களத்தைக் கண்காணிப்பவர் வீட்டில் இருப்பவர்தான். அடுப்படியிலிருந்து வாசல் தெரிய வேண்டும், வாசலில் வெயில் விழ வேண்டும், நிழல் தரும் சில்வர் ஓக் மரம் களத்துக்கு எட்டி நிற்க வேண்டும். பழைய மண்சுவர் வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் அமைத்து, ராகியும் சாமையும் புகை படும்படி வைத்ததும் இதே காரணத்தால்தான்: மலை வீட்டின் முதல் எதிரி ஈரம். திண்ணையின் உயரம், கூரை வாரம் வெளியே நீளும் அளவு, பரணின் இடம் ஆகிய மூன்றும் ஈரத்தை எதிர்த்து எடுத்த முடிவுகள். அந்த முடிவுகள் தெரியத் தொடங்கியதும், அலங்காரம் எதுவும் இல்லாத வீடு நிறையப் பேசத் தொடங்கும்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்கு வந்தால் கதை தலைகீழாகிறது. இங்கே வீடு ஈரத்தைத் தேடுகிறது. அம்மாப்பேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை போன்ற பகுதிகள் தலைமுறைகளாக நெசவாளர் குடியிருப்புகள். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு இந்த நெசவு மரபிலிருந்து வந்தது. குழித்தறி உள்ள வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது தரையில் வெட்டிய ஒரு பள்ளம். நெசவாளர் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகிறார். துணி கிட்டத்தட்டத் தரை மட்டத்தில், அவர் மடியை ஒட்டி வளர்கிறது. ஏன் பள்ளம்? உயரமான சட்டத்தறிக்கு மரம் நிறைய வேண்டும், குழித்தறிக்கு நிலமே பாதிச் சட்டம் என்பது ஒரு காரணம். இன்னொன்று இழையைப் பற்றியது. காய்ந்த காற்றில் பருத்தி நூல் முறுகி அறும். மண்ணுக்குள் இறங்கிய குழியிலிருந்து எழும் ஈரப்பதம் நீளவாட்டில் ஓடும் பாவு இழைகளை நீவிக்கொடுத்ததுபோல் வைத்திருக்கும். கொதிக்கும் சேலத்து வெயிலில், நூலுக்காகத் தரையைத் தோண்டி ஒரு தனிப் பருவநிலையை வீட்டுக்குள் உண்டாக்கியிருக்கிறார்கள். பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர் இதைச் செய்திருந்தால் பாடப்புத்தகத்தில் ஏற்றியிருப்போம்.

கொஞ்சம் நின்று இன்னும் கிட்டப் பார்க்கலாம். பாவு பல மீட்டர் நீளமானது. பழைய தறிகளில் அது அறையின் மறுகோடிவரை நீண்டு, அங்கே கயிற்றில் கட்டப்பட்டு, அந்தக் கயிறு கட்டையைச் சுற்றி நெசவாளரின் பக்கத்துக்கே திரும்பி வந்துவிடும். நெய்யநெய்யப் பாவைத் தளர்த்த அவர் எழுந்து போக வேண்டியதில்லை, கையெட்டும் முடிச்சை அவிழ்த்தால் போதும். அந்த அறை ஏன் அகலம் குறைந்து நீளமாக இருக்கிறது என்பதற்கு இந்தப் பாவுதான் விடை. டிசைன் எடுக்கும் ஜக்கார்டு பெட்டி மேலே ஏறிய தறியென்றால் கூரையின் உயரமும் அதனால் முடிவாகும். ஜன்னலைப் பாருங்கள்: நெய்யும் விளிம்பில் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, உட்கார்ந்தவரின் கண்மட்டத்தையொட்டித் தாழ்வாக வைத்திருந்தால் அந்த வீட்டைக் கட்டியவருக்குத் தறி தெரியும் என்று அர்த்தம். நின்று வேடிக்கை பார்ப்பவரின் உயரத்தில் ஜன்னல் இருந்தால், வீடு வேறு யாருக்காகவோ கட்டப்பட்டது, தறி பின்னால் குடிவந்தது. இந்த ஒரு சோதனை பல வீடுகளின் வரலாற்றைச் சொல்லிவிடும்.

இந்த வீட்டில் நம் இதழ்ப் படங்கள் காட்டத் தவறும் ஒன்று பட்டவர்த்தனமாக இருக்கிறது: பாதியில் நிற்கும் வேலை. ஏற்றிய பாவை இறக்கி வைக்க முடியாது. அது முடியும்வரை நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், வீட்டின் நடுவே நீண்டு கிடக்கும். விருந்தாளி வந்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அது அங்கேதான். குடும்பம் அதைச் சுற்றி நடக்கவும் படுக்கவும் சாப்பிடவும் பழகுகிறது. எந்தப் படைப்பாளியின் வீட்டுக்கும் இதுதான் அசல் தேர்வு என்பது என் தீர்ப்பு. முடிந்த ஓவியத்தை எந்தச் சுவரிலும் மாட்டலாம். காயாத ஓவியத்தை எங்கே வைப்பது, பத்து நாள் கலைக்கக்கூடாத காகிதக் குவியலை எங்கே விடுவது, சாப்பாட்டு நேரத்தில் வேலை எங்கே போகும் என்று யோசித்த வீடு அரிது. சாப்பாட்டு மேசைதான் வேலை மேசையும் என்றால் நாளுக்கு மூன்று முறை வேலையைக் கலைக்க வேண்டும். எளிமை என்று பாராட்டப்படும் அந்த ஒற்றை மேசை, உண்மையில் இருவரில் ஒருவருக்கு எடுத்துவைக்கும் வேலையைக் கூட்டியிருக்கிறது. பெரும்பாலும் அந்த ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது ஆளைத் தேடும் கட்டத்துக்கு வந்துவிட்டோம். தறியில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் நெய்வதாகக் கண் சொல்லும். குறுக்கிழையைக் கடத்தும் நாடாவுக்குள் போகும் தாரைச் சுற்றிக் கொடுப்பவர், அறுந்த இழையை முடிபவர், தீர்ந்த பாவின் நுனியில் புதுப் பாவைப் பிணைப்பவர் எங்கே உட்காருகிறார் என்று பார்க்க வேண்டும். ராட்டை பெரும்பாலும் வாசற்படியோரம், அல்லது அடுப்படிக்கும் தறிக்கும் நடுவில் இருக்கும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் இந்த இருவர் கணக்கு வெளிப்படையாகவே இருக்கிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவை வீசினால்தான் நெசவு நகரும். இரண்டு பேரின் கை ஒரே தாளத்துக்கு வராவிட்டால் துணியிலேயே அது தெரியும். அரசுக் கணக்கெடுப்பு இவர்களை நெசவாளர் என்றும் துணைத் தொழிலாளர் என்றும் பிரிக்கிறது. 2019-20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் இரு வகையும் சேர்த்து ஏறத்தாழ 35 லட்சம் பேர், அவர்களில் 25 லட்சத்துக்கு மேல் பெண்கள். தறிமேடையில் படம்பிடிக்கப்படும் முகம் மட்டும் பெரும்பாலும் ஆணுடையது. வீட்டின் அமைப்பைப் படித்தால் விடுபட்ட முகமும் தெரியும், ராட்டைக்கு ஜன்னல் உண்டா இல்லையா என்பதே ஒரு சாட்சியம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நெசவாளர் தம்பதியைப் படைப்பாளித் தம்பதி என்று சொல்லலாமா? மாஸ்டர் வீவர் கொடுத்த டிசைனை, கொடுத்த நூலில், பேசிய கூலிக்கு நெய்பவர்கள்தானே? கேள்வி நியாயமானது, ஆனால் அது கலைஞர்களைப் பற்றிய ஒரு தவறான படத்தை நம்பியிருக்கிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அதற்கு நிலம் வாங்கிய பணம், ஓவியர்கள் பாட்டிக் துணி செய்து விற்றுச் சேர்த்தது. கடற்கரை மணலில் அவர்கள் தாங்களே எழுப்பிக்கொண்ட வீடுகளில் விற்பனைக்கான கைவினையும் தங்களுக்கான ஓவியமும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. அங்கே வாழ்ந்த எஸ்.ஜி. வாசுதேவ், அர்னவாஸ் தம்பதியர் இருவருமே ஓவியர்கள், இருவருமே உலோகப் புடைப்புகளும் செய்தவர்கள். நவீனத் தமிழகத்தின் கலைக் குடியிருப்பே பிழைப்பையும் படைப்பையும் பிரிக்காமல்தான் எழுந்தது. ஆர்டர் வேலை ஒருவரைப் படைப்பாளி இல்லை என்றாக்கிவிடாது. எந்த இழை அறும், எவ்வளவு இறுக்கினால் கரை சுருளும் என்று விரலால் முடிவெடுப்பவரின் அறிவை நாம் கூலிக்கணக்கில் மறைத்துவிட்டோம், அவ்வளவே.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. வறுமையை அழகாக்கிக் காட்டுகிறோமா? மழைக்காலத்தில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறினால் வேலை நின்றுபோகும், வேலை நின்றால் கூலி இல்லை. நூல் தூசியும் சமையல் புகையும் ஒரே அறையில் சுற்றும். கோர்வைத் தறியின் அந்தப் பக்கத்து இருக்கையில் ஒரு காலத்தில் உட்கார்ந்தவர்கள் பலர் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய குழந்தைகள். காஞ்சிபுரத்துப் பட்டின் மினுமினுப்பைப் பேசும் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. இதற்கு என் பதில், ரசிப்பதென்பது கண்ணை மூடிக்கொள்வதல்ல என்பதுதான். வீட்டைப் பொருளின் வழியாகவும் இருவரின் வழியாகவும் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் எந்த இடத்தில் அந்த வீடு மனிதரை விட்டுவிட்டு நூலை மட்டும் காப்பாற்றுகிறது என்பதும் தெரியும். குழியைப் பாராட்டுகிற அதே வாயால் குழிக்குத் தண்ணீர் புகாத மேடை வேண்டும், ராட்டைக்குச் சாய்மானம் வேண்டும், தூங்கும் அறை தனியே வேண்டும் என்று சொல்ல முடியும். வீட்டோடு தொழிற்கூடம் சேர்த்துக் கட்டித்தரும் அரசுத் திட்டங்கள் எடுத்த கணக்கும் இதுவே: தறியை வீட்டைவிட்டுத் துரத்தாமல் வீட்டுக்குள் அதற்கு முறையான இடம் கொடுப்பது.

சரி, வேலையும் வாழ்வும் ஒரே கூரைக்குள் இருக்கத்தான் வேண்டுமா, தனித்தனியே வைத்தால் இருவருக்கும் நிம்மதி இல்லையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு புகழ்பெற்ற வீடுகளைக் காட்டலாம். மெக்சிகோ நகரின் சான் ஆங்கெல் பகுதியில் கட்டடக் கலைஞர் ஹுவான் ஓ'கோர்மன் 1930-களின் தொடக்கத்தில் ஓவியத் தம்பதியரான டியாகோ ரிவேராவுக்கும் ஃப்ரீடா காலோவுக்கும் இரண்டு தனி வீடுகள் கட்டினார். அவருக்குப் பெரியது, இவருக்குச் சிறிய நீலநிறத்தது, நடுவே மொட்டைமாடியை இணைக்கும் ஒரு பாலம். கேட்க அருமையான ஏற்பாடு. கட்டடங்களின் அளவைப் பார்த்தால் அன்றைக்கு யாருடைய வேலை பெரிய வேலையாக எண்ணப்பட்டது என்பது சுவரில் எழுதியிருக்கிறது. உலகம் பின்னால் தன் மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டது, கட்டடம் அப்படியே நிற்கிறது. இன்னொன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் வடிவமைப்பாளர் தம்பதியரான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1949-இல் குடிபுகுந்த வீடு. இரும்புச் சட்டத்தில், ஆலைகளுக்கான ஆயத்தப் பாகங்களைக் கொண்டு கட்டப்பட்ட இரண்டு பெட்டிகள்: ஒன்று வாழ, ஒன்று உழைக்க, இடையில் ஒரு முற்றம். புல்வெளிக்குக் குறுக்கே போக இருந்த முதல் திட்டத்தைக் கைவிட்டு, கட்டடத்தை மேட்டோரம் யூகலிப்டஸ் மர வரிசைக்குப் பின்னால் ஒதுக்கியதுதான் அந்த வீட்டின் ஆகச்சிறந்த முடிவு என்பேன். இதே தம்பதியர்தான் 1958-இல் இந்திய அரசுக்காக எழுதிய அறிக்கையில் நம்மூர்ச் சொம்பின் வடிவத்தை வியந்து பேசினார்கள். அந்த அறிக்கையின் வழியாகவே 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. அவர்கள் வீட்டின் முற்றத்தை நான் பாலத்தைவிட மேலாக வைக்கிறேன், காரணம் அது இரு மனிதர்களைப் பிரிக்கவில்லை, இருவரின் வேலையை இருவரின் சமையலிலிருந்து பிரிக்கிறது.

எவ்வளவு தூரம் சரியான தூரம் என்பதைப் பொருள்தான் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் சூளை சவுக்கு விறகில் எரிகிறது. அந்த வெப்பத்தைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. மீக்கர் இன்னும் ஒரு படி போய், பச்சை மண்ணால் வீட்டைக் கட்டி, அதையே சூளையாக்கி, உள்ளே நெருப்பிட்டுச் சுட்டெடுக்கும் சோதனைகளையும் செய்தார். எழுத்தும் மொழிபெயர்ப்பும் செய்யும் இருவருக்கோ ஒரு கதவு போதும். இசையமைப்பவரும் அனிமேஷன் செய்பவரும் சேர்ந்து வாழ்ந்தால் ஓசைக்கு ஒரு சுவர், இருட்டுக்கு ஒரு சுவர் வேண்டும்.

இந்தக் கண்ணோடு மறுபடி மலை ஏறி, ஏற்காட்டில் ஒரு படைப்பாளித் தம்பதிக்கென்று சொல்லப்படும் குடியிருப்பைப் பாருங்கள். பள்ளத்தாக்கைப் பார்த்த கண்ணாடிச் சுவர் இருக்கும். ஓவியருக்கு அது ஒரு விதத்தில் வரம்: மூடுபனி நாளில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விழும், நிழல் குறையும், நிறங்களை நிதானமாக ஒப்பிடலாம். அதே பனி காகிதத்தை நெளியவைக்கும், கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கவைக்கும், மரச்சட்டத்தை உப்பவைக்கும். ஆகவே கண்ணாடியைப் பார்த்த கையோடு அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். அது வெளிச்சுவரை ஒட்டியிருக்கிறதா, அடுப்படிச் சுவரின் கதகதப்பை ஒட்டியிருக்கிறதா? பரணுக்கு இணையாக ஏதாவது இருக்கிறதா? காயாத வேலையை மூன்று நாள் தொடாமல் விட ஒரு அறையோ திண்ணையோ மாடமோ உண்டா? இரண்டு இருக்கைகளிலும் உட்கார்ந்து பாருங்கள், ஒன்றில் மட்டும் உட்காராதீர்கள். இரண்டிலிருந்தும் ஜன்னல் தெரிகிறதா, இரண்டுக்கும் முதுகுக்குப் பின்னால் நடமாட்டம் இல்லாமல் இருக்கிறதா, வாசல்மணி அடித்தால் எந்த இருக்கையில் இருப்பவர் எழுந்து போவார் என்று பாருங்கள். கதவுக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் எழுவார். கூரியர்காரர், கேஸ் சிலிண்டர், பக்கத்து வீட்டுக் குழந்தை என்று ஒரு நாளில் அவர் எத்தனை முறை எழ வேண்டியிருக்கும் என்பதை வரைபடத்தைப் பார்த்தே எண்ணிவிடலாம்.